களைக்கொல்லி: மண்ணுக்குப் பழகும், உடம்புக்குப் பழகாது

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் சில, களைக்கொல்லியை உள்ளிழுத்து உணவாக்கிக்கொள்கின்றன. இந்த உண்மை அரைகுறையாகப் பரவியதில், 'புல் மருந்து மண்ணோடு மண்ணாகப் போய்விடும், ஆளை ஒன்றும் செய்யாது' என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. வரதராஜன்பேட்டை முந்திரித் தோப்பானாலும் பெரம்பலூர் மக்காச்சோளக் காடானாலும், மருந்து உடம்பில் பட்டவரும் தவறி விழுங்கியவரும் மருத்துவமனைக்குத் தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாக்டீரியா பழகிய விதம்

மக்காச்சோளத்துக்குத் தெளிக்கப்படும் அட்ரசின் 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் அது மண்ணில் மாதக்கணக்கில் தங்கியது. திரும்பத் திரும்பத் தெளித்த நிலங்களில், அதை உடைத்து நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் பெருகின. 1995இல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் விவரித்த சூடோமோனாஸ் ஏடிபி அவற்றில் ஒன்று. இதற்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. கிளைபோசேட் என்னும் மற்றொரு களைக்கொல்லியை வேறு சில பாக்டீரியாக்கள் பாஸ்பரஸுக்காக உடைக்கின்றன. எண்ணற்ற தலைமுறைகள் மடிந்து, தாங்கியவை மட்டும் பெருகியதால் வந்த திறன் இது. ஒரே ஆயுளில் மனித உடம்புக்கு இது வாய்க்காது.

நம்பிக்கையும் நடப்பும்

'இருபது வருடமாக அடிக்கிறேன், உடம்பு பழகிவிட்டது.' பழகியது மூக்குக்கு அந்த வாடை மட்டுமே. நுரையீரலும் சிறுநீரகமும் பழகுவதில்லை.

'மண்ணில் விழுந்ததும் வீரியம் போய்விடும் மருந்துதானே.' பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மண்ணில் செயலிழப்பது, களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்துவிடுவதால். வயிற்றில் களிமண் இல்லை. ஒரு வாய் விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து; முறிவு மருந்து கிடையாது.

'கிளைபோசேட் செடியை மட்டுமே தாக்கும்.' அது முடக்கும் நொதி மனிதரிடம் இல்லை என்பது சரி. ஆனால் மருந்து இலையில் பரவி ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் பொருளும் அதே பாட்டிலில் இருக்கிறது. விழுங்கினால் ரத்த அழுத்தம் சரியலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

'வாய்ப்புண் ஆறிவிட்டது, இனிப் பயமில்லை.' பாராகுவாட்டில் இது மிகவும் ஏமாற்றும் கட்டம். சிறுநீரகப் பாதிப்பும் மூச்சுத்திணறலும் சில நாள் கழித்தே தெரியவரும்.

உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், பால் என்று வீட்டில் ஊற்றிக்கொண்டிருப்பது சிகிச்சை அல்ல, நேர விரயம். வாந்தி எடுக்க வைத்தால் தொண்டை மறுபடி வேகும். மருந்து நுரையீரலுக்குள்ளும் போகும். எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கைவைத்தியம் நிற்பதில்லை.

ஆன்டிபயாடிக் பழக்கம்

பாக்டீரியா தனக்கு ஆகாத பொருளை வெளியே தள்ளவும் செய்யும்; களைக்கொல்லியைத் தள்ளப் பழகியது ஆன்டிபயாடிக்கையும் தள்ளக்கூடும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. கிளைபோசேட், டைகாம்பா, 2,4-டி ஆகிய களைக்கொல்லிக் கலவைகளின் நடுவே வளர்ந்த ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் சில ஆன்டிபயாடிக்குகளைக் கூடுதலாகத் தாங்கின. வேறு சிலவற்றுக்கு எளிதில் மடிந்தன. ஆக, மண்ணிலும் மருந்தெதிர்ப்புக்கு இடமுண்டு. இந்நிலையில் காலில் புண் வந்ததும் மருந்துக்கடையில் கேட்டு இரண்டு மாத்திரை விழுங்குவது, கிருமிக்குக் கொடுக்கும் பயிற்சி.

மருத்துவமனையில்

சிறுநீரில் டைதயோனைட் சோதனை நீலம் காட்டினால் பாராகுவாட். சீக்கிரம் வந்தவருக்கு ஃபுல்லர் மண் என்னும் களிமண் அல்லது கரித்தூள் கொடுத்து, குடலில் எஞ்சிய மருந்தைப் பிடித்து நிறுத்தலாம். தாமதமானால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

தயவுசெய்து

பாராகுவாட்டைக் கேரளம் 2011இல் தடைசெய்தது. இலங்கை 2008 முதல் படிப்படியாக விலக்கியது; அங்கே பூச்சிக்கொல்லித் தற்கொலைகள் குறைந்தன. இங்கே தடை வரும்வரை வீடுகள்தான் காவல்.

குளிர்பான பாட்டிலில் மருந்தை ஊற்றிவைக்க வேண்டாம். அடைத்த நாசிலை வாயால் ஊத வேண்டாம். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் டேங்கைத் தோளில் ஏற்ற வேண்டாம். காற்று எதிரே வீசும்போது அடிக்க வேண்டாம். மருந்து பட்ட உடையை உடனே கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் 108ஐ அழைத்து, மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மனம் உடைந்து தவறான எண்ணம் வருபவர்கள் 104இல் பேசலாம். வீட்டிலிருப்போர் மருந்தைப் பூட்டிச் சாவியைத் தங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.