மனுவை எதிர்த்த மதுரை நெல்சன்

மறவருக்கும் கள்ளருக்கும் மனு என்ன உறவு? சென்னை உயர் நீதிமன்றத்தை இந்தக் கேள்வியால் எரிச்சலூட்டியவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. ஜே.எச். நெல்சன். 1868ல் அவர் எழுதிய மதுரை மாவட்டக் கையேட்டை வரலாற்று மாணவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவருடைய சட்ட நூல்களைத்தான் வக்கீல்கள் மறந்துவிட்டார்கள்.

மதுரைச் சீமையில் பெண் கொடுப்பது, தீர்த்துவிடுவது, சொத்தைப் பிரிப்பது எல்லாம் அந்தந்தச் சாதி வழக்கப்படி நடந்தன. நீதிமன்றத்திலோ சமஸ்கிருத நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்துத் தீர்ப்பு. மிதாக்ஷரத்தின் வாரிசுரிமைப் பகுதியை 1810ல் கோல்புரூக் மொழிபெயர்த்திருந்தார். சென்னைத் தலைமை நீதிபதியாக இருந்த தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் 1825ல் இந்துச் சட்ட நூல் எழுதியிருந்தார். இவற்றின் மேல் தீர்ப்புகளை அடுக்கி, 'இந்துச் சட்டம்' என்ற ஒன்றை நீதிபதிகளே கட்டிவிட்டார்கள் என்றார் நெல்சன். 1877, 1881, 1887 என மூன்று நூல்களில் இதே வாதம். மனிதர் சளைக்கவில்லை, நிதானமும் காட்டவில்லை. 1882ல் நீதிபதி இன்னஸ், கவர்னர் கிராண்ட் டஃபுக்குக் கடித வடிவில் ஒரு மறுப்பு நூலே எழுத வேண்டி வந்தது.

வழக்கத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாஸ்திரத்தை வெல்லும் என்று ராமநாதபுரம் சேதுபதி தத்து வழக்கில் 1868லேயே பிரிவி கவுன்சில் சொல்லியிருந்தது. வில்லங்கம் 'நிரூபிக்கப்பட்ட' என்பதில்தான். ஏட்டில் இல்லாததை ஏழை எப்படி நிரூபிப்பான்? யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையை டச்சுக்காரர்கள் 1707லேயே தொகுத்துவிட்டார்கள். பம்பாய் மாகாணத்தில் 1827ல் ஆர்தர் ஸ்டீல் தக்காணச் சாதிகளின் வழக்கங்களைத் திரட்டி நூலாக்கினார். சர்க்கார் சட்டம் இல்லாத விஷயங்களில் வழக்கத்துக்கே முதலிடம் என்று அதே ஆண்டு பம்பாய் ஒழுங்குமுறைச் சட்டமும் சொன்னது.

1955ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பல வழக்கங்களை ஒதுக்கினாலும் வழக்கப்படியான விவாகரத்தை 29(2) பிரிவில் விட்டுவைத்தது. தாராவிக்கும் செம்பூருக்கும் குடிபெயர்ந்த தென்மாவட்டக் குடும்பங்களுக்கு இது பழங்கதை அல்ல. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துக்கொண்ட பெண் மறுமணம் செய்துகொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஜீவனாம்சம் கேட்டு பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும்போது, "இவளுடைய முதல் கல்யாணமே முறியவில்லை" என்று இரண்டாவது கணவன் கைவிரித்தால்? தன் சாதியில் அப்படித் தீர்த்துவிடும் வழக்கம் உண்டு என்பதை அவள்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002ல் இதை மீண்டும் வலியுறுத்தியது. முத்திரைத்தாளில் எழுதிய விவாகரத்துப் பத்திரம் மட்டும் போதாது.