கொழுப்பும் நம் உயிரணுக்களும்
(பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்)

வீட்டில் சற்று எதிர்த்துப் பேசினால், "உனக்குக் கொழுப்பு அதிகமாகிவிட்டது" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். நம்முள் சிலரோ, உடல் பருத்துவிடும் என்று அஞ்சி, இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய்கூட விட்டுக்கொள்வதில்லை. இப்படி எல்லோராலும் பழிக்கப்படும் கொழுப்பு உண்மையில் நமக்குப் பகைதானா?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை நாள்தோறும் அணைக்கட்டிலிருந்து டேனரி வேலைக்குச் செல்பவர். சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைத்து எடுப்பது அவர் பணி. அவருடைய உள்ளங்கைகள் வற்றிய ஏரித் தரைபோல் வெடித்திருக்கும். இரவில் அவள் தாயார் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். "சுண்ணாம்பு கையை ஏன் வெடிக்க வைக்கிறது? எண்ணெய் ஏன் ஆற்றுகிறது?" என்று அவள் வகுப்பில் ஒருநாள் கேட்டாள். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

லிப்பிடு என்றால் என்ன?

நீரில் கரையாமல், ஈதர், குளோரோஃபார்ம் போன்ற திரவங்களில் கரையும் உயிர்ப்பொருள்களுக்கு லிப்பிடுகள் என்று பெயர். நெய், கடலை எண்ணெய், தேன்மெழுகு, கொலஸ்டிரால் யாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நாம் உண்ணும் எண்ணெயில் ஒரு கிளிசரால் மூலக்கூறுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்துள்ளன. அவற்றுள் ஒன்றின் இடத்தில் பாஸ்பேட் சேர்ந்த பகுதி அமைந்தால் அது பாஸ்போலிப்பிடு ஆகிறது. இதன் தலை நீரை நாடும். இரு வால்களும் நீரை வெறுக்கும். இந்த இரட்டைக் குணமே உயிரின் அடிப்படை எனலாம்.

உயிரணுவின் மதில்

பாஸ்போலிப்பிடுகளை நீரில் இட்டால் அவை தாமாகவே அணிவகுக்கின்றன. தலைகள் வெளியே நீரை நோக்க, வால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்கி ஒளிந்துகொள்ள, ஈரடுக்குப் படலம் ஒன்று உருவாகிறது. இதுவே உயிரணுச் சவ்வின் அடித்தளம்.

இதைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1925ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த கார்ட்டர், கிரெண்டல் ஆகிய இருவர், இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து நீரின்மேல் ஓரடுக்காகப் பரப்பினர். அது பரவிய பரப்பு, அந்த அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்காக இருந்தது! பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவோ வேறு சவ்வுகளோ இல்லை. ஆகவே கொழுப்பு முழுவதும் வெளிச்சவ்வுக்கே உரியது. அது ஈரடுக்காக உள்ளது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இந்த மதிலின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஆயினும் இது அசையாக் கல்மதில் அன்று. நெகிழும் இப்படலத்தில் புரதங்கள் மிதந்து, உள்ளே வருவனவற்றையும் வெளியே செல்வனவற்றையும் வாயிற்காவலர்போல் கண்காணிக்கின்றன. 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்னும் அறிஞர்கள் இவ்வமைப்பை விளக்கினர்.

பிற பணிகள்

ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கிலோகலோரி தரும்போது, ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி ஆற்றல் தருகிறது. நரம்பிழைகளின்மேல் மின்கம்பி உறைபோல் அமைந்து செய்தியை விரைவுபடுத்துவதும் கொழுப்பு மிகுந்த உறையே. கொலஸ்டிராலிலிருந்து பித்த உப்புகளும் பல ஹார்மோன்களும் உருவாகின்றன. வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைந்தே உடலில் சேர்கின்றன. முருங்கைக் கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் விடுவது ருசிக்காக மட்டும் அன்று. கீரையிலுள்ள கரோட்டீனை உடல் ஏற்கவும் அது வேண்டும்.

தோழியின் கேள்விக்கு விடை

நம் மேல்தோலில் இறந்த அணுக்கள் செங்கல்போல் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடையே சாந்துபோல் நிற்பவை செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய லிப்பிடுகள். உடலின் ஈரத்தைக் காப்பது இச்சாந்தே. சுண்ணாம்பு ஒரு காரம். காரம் கொழுப்பைச் சிதைக்கும். சோப்பு செய்வதும் காரத்தால்தானே? சாந்து போனால் சுவர் நிற்குமா? ஈரம் வெளியேறித் தோல் வெடிக்கிறது. தேங்காய் எண்ணெய் மேலே படர்ந்து எஞ்சிய ஈரத்தைக் காக்கிறது.

இதே பாடத்தை டேனரியிலும் காணலாம். பதனிட்ட தோலை அப்படியே உலர்த்தினால் இழைகள் ஒட்டி அப்பளம்போல் விறைத்துவிடும். ஆகவே டிரம்மில் எண்ணெயைப் பால்போல் நீரில் கலந்து தோலுக்கு ஊட்டுகிறார்கள். எண்ணெய் நீரில் கலக்குமா? கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்தினால், எண்ணெய் மூலக்கூறுக்கும் நீரை நாடும் தலை முளைக்கிறது. உயிரணுச் சவ்வில் கண்ட அதே இரட்டைக் குணம்! ஆம்பூர்ச் செருப்பின் மென்மைக்கும் நம் உயிரணுவின் மதிலுக்கும் அடிப்படை ஒன்றே.

தோழியரே! கொழுப்பு மிகுந்தால் இரத்தக் குழாய்களில் படிந்து இதயத்தைத் தாக்கும் என்பதும் உண்மையே. பலகாரம் பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சுவதும் தீது. அதற்காக எண்ணெயை அடியோடு ஒதுக்குவது, மதிலை இடித்துவிட்டுக் கோட்டையைக் காப்பதற்கு ஒப்பாகும். அளவே அழகு.

இவற்றையெல்லாம் எங்கள் தோழி தன் தந்தைக்கு எடுத்துச் சொன்னாள். கை வேர்க்கிறது, தோல் வழுக்குகிறது என்று அவர் கழற்றி வைத்திருந்த ரப்பர் கையுறையை இப்போது அணிகிறாராம். பழைய வெடிப்புகள் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் புதிதாக வெடிக்கவில்லை என்று சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. வகுப்பில் கற்றது வீட்டு வாசல்வரை சென்று பயன் தருமானால், அதைவிட நமக்கு மகிழ்ச்சி வேறு உண்டோ?