போயிட்டு வர்றோம்

விடைபெறும்போது 'போகிறேன்' என்று மட்டும் சொல்வது தமிழர் வழக்கமல்ல. 'போயிட்டு வர்றேன்' என்பார்கள். திரும்பி வருவேன் என்ற உறுதி அதில் இருக்கிறது. 'போயிட்டு வாங்க' என்ற பதிலில் வாழ்த்தும் அழைப்பும் சேர்ந்திருக்கின்றன. துக்க வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளாமலே கிளம்புவார்கள். அப்படியொரு துயரத்துக்காக அங்கே மீண்டும் வர நேரக்கூடாது என்பதே காரணம்.

அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், பார்வையாளர் விசாவில் பொதுவாக 6 மாதம் வரை தங்கலாம். ஊர் திரும்பும் நாளில் நியூவார்க், சான் பிரான்சிஸ்கோ, டாலஸ் விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை வரிசை வரை பிள்ளைகள் உடன் செல்கிறார்கள். பேரப்பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் பாட்டி சொல்வதும் 'போயிட்டு வர்றோம்'தான். 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கம்மா' என்கிறாள் மகள். அடுத்த பயணம் எப்போதென்று தெரியாத குடும்பங்களுக்கு, மறுபடி சந்திப்போம் என்ற நம்பிக்கையை இந்தச் சொற்கள் தருகின்றன.