பொழிமுகத்தில் மணல் செய்யும் கணக்கு

ஜூலை 31 நள்ளிரவோடு மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, தேங்காய்ப்பட்டணத்து விசைப்படகுகள் ஆறு கடலில் கலக்கும் பொழிமுகத்தைத் தாண்டிப் புறப்படவிருக்கும் இவ்வேளையில், வந்து குவியும் வாசகர் கடிதங்களில் பாதி, இமயத்துப் பனிப்பாறைகள் உருகிக் கடல் ஏறுவதால்தான் அருகிலுள்ள கரையோர ஊர்களான இரையுமன்துறையும் பூத்துறையும் அரிக்கப்படுகின்றனவா என்று கேட்கின்றன. அதிகாரிகளுக்கு இது சௌகரியமான கேள்வி. பழியை இமயத்தின் தலையில் ஏற்றிவிடலாம். கடல்மட்டம் ஏறுவது மெய்தான். ஆனால் அது ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர்க் கணக்கு. ஒரே ஆனி ஆடியில் வீட்டையும் சாலையையும் விழுங்கும் யந்திரம் வேறு.

பனிப்பாறை தன் பாரத்தாலேயே சரிந்து, அடியில் பதிந்த கற்களால் மலையை உரசித் தேய்த்து, தேய்த்ததைத் தானே சுமந்து போய்ப் பள்ளத்தாக்கில் இறக்குகிறது. நம் கரையில் அந்தச் சுமை தூக்குவது அலை. சாய்வாக ஏறிவரும் அலை மணலையும் சாய்வாகவே கொண்டேறுகிறது. திரும்பும்போதோ பூமியின் ஆகர்ஷணத்துக்குக் கட்டுப்பட்டு நேரே இறங்கிவிடுகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். பத்து விநாடிக்கு ஓர் அலை என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 8,640 தடவை இது நிகழ்வதால், பருவத்துக்குப் பருவம் திசைமாறி ஓடும் ஒரு மணல் நதியே நம் கடற்கரை.

அந்த நதிக்குக் குறுக்கே போட்ட அணைதான், சர்க்கார் பாஷையில் ‘பாதுகாப்பு’ என்று பெயர் பெற்ற கற்சுவர். ஒருபுறம் மணல் மேடிட, மறுபுறத்துக் கரை வரவின்றிச் செலவு மட்டுமே செய்து தேய்கிறது. சென்னைத் துறைமுகம் எழுந்த பின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் கரைந்ததும் இந்த நியாயப்படிதான். என்னைக் கலங்க வைப்பது அடுத்த கட்டம்: மேடிட்ட மணல் சுவரின் முனையைச் சுற்றி வந்து, படகுகள் போகும் வாயிலிலேயே படிகிறது. அலை தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்தில் உடையும் இயல்புடையது. ஆகவே ஐந்து மீட்டர் ஆழத்தில் சாதுவாகக் கடந்துபோகும் இரண்டு மீட்டர் அலை, வாயில் இரண்டரை மீட்டராகத் தூர்ந்ததும் படகின்மேலேயே எழுந்து உடைகிறது. தேங்காய்ப்பட்டணத்து வாயிலில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போனதை ‘கடல் சீற்றம்’ என்று எழுதி முடிப்பவர்கள், அந்தச் சீற்றத்துக்கு மேடை போட்டது யார் என்று எழுதுவதில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஆற்று மணல் வராதா? ஆற்றின் மேலே 1906இல் கட்டிமுடித்த பேச்சிப்பாறை அணை ஒரு பங்கைப் பிடித்துவைக்கிறது; மணல் அள்ளுவோர் கொண்டுபோனது இன்னொரு பங்கு.

கள்ளக்கடல்? தென் இந்துமாக்கடலின் புயல்கள் அனுப்பும் நெடிய அலை. இங்கே காற்றே இராது.

தூர்வாரினால் போதுமா? மறு அலை வரும்வரை.

மணலை மறுகரைக்குக் கடத்த இயலாதா? ஆஸ்திரேலியாவின் ட்வீட் நதிமுகத்தில் 2001 முதல் பம்பு வைத்துக் கடத்துகிறார்கள்.

தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டும் கற்சுவர்? உங்கள் ஊருக்கு வேண்டும் என்பீர்கள். அடுத்த ஊர்க்காரரிடமும் கேளுங்கள்.