மலையை நோக்கி ஓடும் நதி

கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏசாயாவின் பெயரால் வழங்கும் ஆகமத்தில் (2:2–4) ஒரு முன்னறிவிப்பு உண்டு. முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் ஷஃயா என்று குறிப்பிடுபவர் இவரே. மீகாவின் ஆகமத்திலும் (4:1–4) ஏறத்தாழ அதே சொற்கள் காணப்படுகின்றன. இறுதி நாட்களில் இறையில்லம் அமைந்த மலை உயர்ந்து நிற்கும், எல்லா இனத்தாரும் இறைவனின் வழிகளைக் கற்க அங்கே வருவார்கள், அவன் அவர்களிடையே நீதி வழங்குவான், வாள்கள் கொழுக்களாகும், போர்ப் பயிற்சி ஒழியும் என்பது அதன் சாரம்.

இங்கு இரு சொற்கள் கவனத்திற்குரியவை. மக்கள் வருவதைக் குறிக்கும் எபிரேய வினை, ஆறு பாய்வதைச் சுட்டுவது. நீர் மேட்டிலிருந்து இறங்குவதே இயல்பு. இந்த வெள்ளமோ மலைமேல் ஏறுகிறது. மற்றொன்று 'தோரா'. நாம் தவ்ராத் என்று அறிந்த அச்சொல்லின் அடிப்படைப் பொருள் போதனை, வழிகாட்டல் என்பதாகும். வருவோரை எவரும் சிறைபிடித்துக் கொணரவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு மாணவர்களாக வருகிறார்கள்.

முன்னறிவிப்பின் வரிசை முறையும் பொருள் பொதிந்தது. முதலில் கல்வி, அடுத்து நீதி, அதன் பின்னரே ஆயுதக் களைவு. 1959இல் சோவியத் ஒன்றியம் ஐக்கிய நாடுகள் அவைக்கு வழங்கிய சிலையில், ஒரு மனிதன் வாளைக் கொழுவாக அடித்துக்கொண்டிருக்கிறான். உலகம் அந்தக் கடைசிக் காட்சியை எடுத்துக்கொண்டு, முந்தைய இரு படிகளையும் விட்டுவிட்டது. அவையின்றி மாற்றம் நிலைக்காது. கொழுக்களை வாள்களாக்கும்படி யோவேலின் ஆகமம் (3:10) அறைகூவுவதை நோக்குக. ஒரே இரும்பு இரு திசையிலும் மாறக்கூடியது.

யூதர்கள் இதனை வருங்கால எருசலேமுக்கும், கிறிஸ்தவர்கள் பலர் நற்செய்தியின் பரவலுக்கும் உரியதாகக் கொள்வர். அதைப் பறித்து நமதாக்கிக்கொள்ளும் வாதத்தில் இறங்க வேண்டியதில்லை. மீகாவின் அடுத்த வசனமே (4:5) ஒவ்வோர் இனமும் தன் தன் தெய்வத்தின் பெயரால் நடப்பதைக் குறிப்பிடுகிறது. மாந்தர் பல இனங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று திருக்குர்ஆன் (49:13) உணர்த்துகிறது. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சிலர் புறப்பட்டு மார்க்க ஞானம் பெற்று, திரும்பித் தம் மக்களை எச்சரிக்க வேண்டும் என்றும் (9:122) அது பணிக்கிறது. முன்னறிவிப்பு வருகையைச் சொல்கிறது. இவ்வசனம் திரும்புதலையும் சேர்த்துச் சொல்கிறது.

இந்த வருகையையும் திரும்புதலையும் நம் தோல் தொழில் வட்டாரம் சிறிய அளவில் கண்டிருக்கிறது. வேலூரில் அப்துல் வஹ்ஹாப் ஹள்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், 1924இல் காகா முஹம்மது உமர் ஆம்பூர் அருகே தோற்றுவித்த உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் ஆகியவற்றை நாடித் தமிழகத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். பாக்கவி, உமரி என்ற பட்டங்களுடன் ஊர் திரும்பித் தத்தம் மொழியில் போதித்தனர். திருக்குர்ஆனைத் தமிழில் முழுமையாகப் பெயர்த்த முன்னோடியான அப்துல் ஹமீது பாக்கவி அவர்களுள் ஒருவர்.

இதனை முன்னறிவிப்பின் நிறைவேற்றம் என்று எவரும் சொல்லார். ஆயினும் அதன் இரண்டாம் படி நம்மையும் கேள்வி கேட்கிறது. பாலாற்றில் கலந்த தோல் பதனிடும் கழிவுநீர் வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2025இலும் அதே குறை பற்றி மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. கல்விக்கூடங்களை வளர்த்த செல்வத்தில் பெரும்பங்கு இத்தொழிலிலிருந்தே வந்தது. போதனையை நாடி வருவோருக்கு இடமளிப்பது பெரும் நன்மை. அப்போதனை நம் வணிகத்திற்கும் நம் ஆற்றங்கரை உழவனுக்கும் இடையே நீதியாக இறங்கும்போதே, கொழு பிடித்தவன் அச்சமின்றி உழ முடியும்.