விளைக்காவல் – 9: பன்னிக்கு எந்த நாய்?

கோவில்பட்டியில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம், வாங்கலாமா என்று குமரி மாவட்டம் தடிக்காரன்கோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் விளை. ஏத்தன் வாழை, இடையில் மரச்சீனி. குலை தள்ளுகிற நேரம் பார்த்துப் பன்னி இறங்கி, வாழை மூட்டைத் தோண்டிச் சாய்த்துவிட்டுப் போகிறது. வீட்டில் வேட்டைச் சாதி நாய் நின்றால் பன்னி கிட்டே வராது அல்லவா என்பது அவர் கேள்வி.

வரும். கூடவே மாட்டு டாக்டர் செலவும் வரும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டு நாய்கள். சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. முயல் கிளம்பினால் வெகுதூரம் வரைக்கும் அதன் முதுகு தெரியும். அந்த நிலத்துக்கென்றே அமைந்த உடம்பு இவற்றுக்கு: ஆழ்ந்த நெஞ்சு, முதுகோடு ஒட்டிய வயிறு, நீண்ட கால், மெல்லிய தோல், குட்டை மயிர். மூக்கைவிடக் கண்ணை நம்பும் சாதி. கண்டதும் பாயும், சத்தமில்லாமல் பாயும், கொஞ்ச தூரத்துக்குள் காரியத்தை முடிக்கும்.

கீரிப்பாறையிலும் பேச்சிப்பாறையிலும் கண்ணுக்கு என்ன எட்டும்? ரப்பர் மரம், அடியில் கொடியும் புதரும், இடையிடையே கைதச்சக்கை என்கிற அன்னாசி. இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மெல்லிய தோல் கைதச்சக்கை ஓலையில் கிழிபடும். தென்மேற்கு ஒரு மழை, வடகிழக்கு ஒரு மழை என்று வருஷத்தில் பாதி நாள் ஈரமான ஊரில் அந்த ஒட்டிய வயிறு குளிரில் நடுங்கும். நம் மாவட்டத்தில் இந்த நாய்க்குத் தோதான நிலம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துப் பொட்டல்தான். அங்கே காவல் காக்கக் காற்றாலைதான் நிற்கிறது, வாழை இல்லை.

ராஜபாளையத்துக்கு மவுசு அதிகம். 2005-இல் தபால்தலையில் வந்த நாய். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் சிப்பிப்பாறையோடு சேர்த்து இதையும் தனி இனமாகப் பதிந்திருக்கிறது. பால்வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. இந்த வெள்ளையோடு சேர்ந்தே வரும் குறை ஒன்று உண்டு, காது கேளாமை. காது கேட்காத நாயை வைத்துக்கொண்டு ராத்திரிக் காவல் காப்பது எப்படி? வாங்குவதென்று முடிவே செய்துவிட்டால், குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். முன்னால் நின்று தட்டினால் கையசைவைக் கண்டு திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையிலும் தப்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேனிப் பக்கத்துக் கோம்பை உண்மையிலேயே பன்றிக்குப் போன நாய். செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி, அசாத்தியத் துணிச்சல். அந்தத் துணிச்சல்தான் இன்றைக்கு வினை. ஆண்பன்றி நாயைக் கண்டு ஓடாது, திரும்பி நிற்கும். தலையைத் தாழ்த்தி, கீழிருந்து மேலாக ஒரு வீச்சு. கோரைப்பல் நாயின் அடிவயிற்றிலோ பின்தொடையின் உள்பக்கத்திலோ இறங்கும். வெளியே ஒரு விரல் நீளக் கீறல்தான் தெரியும், உள்ளே குடல்வரை போயிருக்கும். மயிர் மூடிவிடுவதால் பார்த்தாலும் தெரியாது. காலையில் நாயைப் படுக்கப்போட்டு, மயிரை எதிர்த்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தால்தான் ஈரம் தட்டுப்படும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி மேல்தோலை மூடவிடாதீர்கள், உள்ளே சீழ் கட்டும். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி நேரே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி.

வெள்ளைக்காரன் வளர்த்த வேட்டை நாய்களின் கதை வேறு. பாயிண்டர், செட்டர், ஸ்பானியல், லாப்ரடார் எல்லாம் துப்பாக்கிக்குத் துணையாக உருவான நாய்கள். ஒன்று பறவை பதுங்கியிருக்கும் இடத்தைக் கண்டு ஒரு காலைத் தூக்கி அசையாமல் நிற்கும். இன்னொன்று புதரைக் கலைத்துப் பறக்கவிடும். சுட்டு விழுந்ததைத் தண்ணீரில் நீந்திப்போய்ப் பல் படாமல் கவ்வி வருவது லாப்ரடாரின் வேலை. அறுத்த வயலில் உள்ளான் சுடுவது அந்தக் காலத்துத் துரைமாருக்குப் பெரிய பொழுதுபோக்கு. நாய் எசமான் குரலுக்குக் கட்டுப்படாவிட்டால் அந்த விளையாட்டே நடக்காது. ஆகவே கூப்பிட்டால் நிற்கிற நாயாகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். இன்றைக்கு நாகர்கோவிலில் மொட்டைமாடியில் கட்டிக் கிடக்கிற லாப்ரடார் பந்தை எறிந்தால் கொண்டுவந்து காலடியில் வைக்கிறதே, அது அந்தப் பழக்கத்தின் மிச்சம்.

நம் சாதி நாய்கள் துப்பாக்கி வருவதற்கு முந்தியே தொழில் படித்தவை. தானே காணும், தானே விரட்டும், தானே பிடிக்கும். எசமான் பின்னாலே ஓடி வந்துசேரவேண்டியதுதான். விரட்ட ஆரம்பித்த சிப்பிப்பாறையைக் கூப்பிட்டு நிறுத்தியவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், சட்டத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, சுருக்கு வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட வேட்டைதான். 2022-இல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதில் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்காக இரண்டாம் அட்டவணையில் நிற்கிறது. நம் விளைக்குள் நாய் குரைத்தால் காவல். அதே நாய் பன்றியை விரட்டிக்கொண்டு காப்புக்காட்டுக்குள் போனால் பதில் சொல்லவேண்டியவர் நாயின் சொந்தக்காரர். 'அது தானாப் போச்சு சார்' என்று ரேஞ்சரிடம் சொல்லிப் பார்க்கலாம், கேட்பாரா என்பது வேறு விஷயம்.

எனவே தடிக்காரன்கோணத்துக்காரருக்கு என் பதில்: பக்கத்து ஊரிலேயே நல்ல தாய்க்குப் பிறந்த நாட்டுக்குட்டி இரண்டு எடுங்கள். காசு வேண்டாம், மழை தாங்கும், கிடைத்ததைத் தின்னும். சின்னச் சத்தத்துக்கும் குரைப்பது வீட்டில் தொல்லை. விளையில் அதுதான் வேண்டும். பன்றிக்குக் கண் மந்தம், காதும் மூக்கும் கூர்மை. குரைப்பும் மனுஷ வாடையும் சேர்ந்தால்தான் தயங்கும். நாலு மாசத்திலிருந்து தினமும் சாயங்காலம் கயிற்றில் பிடித்து எல்லை வரப்போடு ஒரு சுற்று நடத்துங்கள். எல்லை தாண்ட இழுத்தால் நின்றுவிடுங்கள், உள்பக்கம் திரும்பினால் ஒரு துண்டு கருவாடு. கோழியை விரட்ட ஒருநாளும் விடாதீர்கள். கோழியில் தொடங்குகிற ருசி முயலில் போய் நிற்கும்.

வளர்ந்தபிறகு ஓடுகம்பி போடலாம். இரண்டு மரத்துக்கு நடுவே தலைக்கு மேலே கம்பி இழுத்து, அதில் ஒரு வளையம், வளையத்திலிருந்து சங்கிலி. நாய் எல்லையோரம் முழுக்க நடக்கும், வெளியே போகாது. மரத்தைச் சுற்றிச் சிக்காமலிருக்க இரண்டு முனையிலும் சங்கிலி மரத்தை எட்டாத தூரத்திலேயே கம்பியில் முடிச்சுப் போட்டுவிடவேண்டும். ஆனால் காட்டை ஒட்டிய விளைகளில் இதைச் செய்யாதீர்கள். கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்கு இரை. 2023 ஜூலையில் சிற்றாறு சிலோன் காலனிப் பக்கம் புலி வந்து ஆடுமாடு அடித்ததும், அதைப் பிடிக்க வனத்துறை வாரக்கணக்கில் பாடுபட்டதும் மறந்திருக்காது. அங்கெல்லாம் காவல்புரைக்குள்ளேயே, கம்பிக்கதவு போட்ட கூட்டில்தான் நாய் கிடக்கவேண்டும். உள்ளே கிடந்து குரைத்தாலே போதும்.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று மாசத்தில் வெறிநோய் ஊசி, பிறகு வருஷாவருஷம். டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்த கூட்டு ஊசி தனி. வயலில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நடக்கிற நாய்க்கு எலிக்காய்ச்சல் எளிதில் வரும், அதிலிருந்து நமக்கும் வரும். ரப்பர்க் காட்டு உண்ணி இன்னொரு எமன். நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக்காய்ச்சல் என்று சந்தேகப்படுங்கள். உடனே பார்த்தால் பிழைக்கும்.

துப்பாக்கி பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய பழைய ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கிகள் மலையோரத்தில் இன்னும் சில வீடுகளில் உண்டு. லைசென்ஸ் இருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். ஆயுதச் சட்டம் வேறு, வனச் சட்டம் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும், ஆளுக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் குழல் சீக்கிரம் துருப்பிடிக்கும். துணி கோத்த கயிற்றைக் குழலுக்குள் இழுத்துத் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் மட்டும் பூசவேண்டும். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் காறிப் பிசுக்காகி விசையைப் பிடித்துவிடும். தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. கரிமருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை, வக்கீல் சொல்வார்.

அவுட்டுக்காய் பற்றி ஒன்று. தின்பண்டத்துக்குள் வெடிமருந்து பொதிந்து பன்றிக்கு வைப்பது. கடிப்பது எது என்று அதற்குத் தெரியாது. 2020 மே மாசம் பாலக்காட்டில் வாய் சிதைந்து வெள்ளியாற்றில் நின்றபடியே செத்த சினையானை பன்றிக்கு வைத்ததைக் கடித்ததுதான். நம் பக்கம் வாய் போன நாயும் பசுவும் செய்தித்தாளில் வருவதில்லை, அவ்வளவே வித்தியாசம். கறண்டுக் கம்பி இழுப்பதும் இதே கணக்கு. விடியக் காலம்பற ரப்பர் பால்வெட்டப் போகிறவர் காலில்தான் முதலில் மாட்டும். மின்வேலிக்குத் தமிழக அரசு 2023-இல் தனி விதிகளே போட்டிருக்கிறது, பதிவு செய்யாமல் வேலி போடமுடியாது.

விலங்குக் காப்பு இன்று நேற்று வந்ததல்ல. நாஞ்சில்நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலேயே காட்டு விலங்கைக் காக்க ஆள் போட்டார்கள். பெரியாறு ஏரிக் காட்டுக்கு 1933-இல் ராபின்சன் என்பவர் வார்டனாக வந்தார், அடுத்த வருஷம் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் அது சரணாலயமானது. வேட்டைக்காரர்களுக்கு விலங்கு மிஞ்சவேண்டும் என்ற எண்ணமும் அந்தக் காலத்து ஏற்பாடுகளில் கலந்தே இருந்தது. இன்று கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர். பறவைகள் வந்திறங்கும் சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சார் தலம். வேட்டை என்று நம்மிடம் மிச்சமிருப்பது விஜயதசமியன்று கன்னியாகுமரி பகவதியம்மன் மகாதானபுரம் போய்ப் பாணாசுரன்மேல் அம்பு விடுகிற பரிவேட்டை மட்டும்தான். பாணாசுரனுக்கு எந்த அட்டவணையிலும் பாதுகாப்பு இல்லை.

சரி, பன்றியைச் சுடவே முடியாதா? முடியும், ஆனால் நம்மால் அல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஆணை போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனவர் அடங்கிய குழு முதலில் பார்த்துச் சொல்லவேண்டும். களியக்காவிளை தாண்டினால் கதை வேறு: கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவரே உத்தரவு கொடுக்கலாம், லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் சுடலாம், கறியை மட்டும் தின்னக்கூடாது, புதைக்கவேண்டும். பன்றிக்கு எல்லைச் சோதனைச்சாவடி தெரியாது.

மூன்று கிலோமீட்டர் கணக்கு சமவெளி மாவட்டங்களுக்குப் பொருந்தும். நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் காடு. மலையடிவாரத்திலிருந்து கடல்வரை ஒரு மணிநேரப் பஸ் பயணம்கூட இல்லை. கடுக்கரையிலும் கீரிப்பாறையிலும் பயிர் போகிற இடமெல்லாம் காட்டை ஒட்டியே இருக்கிறது. சுடுகிற உரிமை யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவர்களை இந்த ஆணை எட்டாது. ஒன்றிலிருந்து மூன்று வரை உள்ளவர்களுக்குக் கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லும் வழியாவது இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

கேட்கும் மனுவில் 'பன்னித் தொல்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். சர்வே நம்பர், காப்புக்காட்டு எல்லையிலிருந்து தூரம், எந்தத் தேதி ராத்திரி, எத்தனை மூடு வாழை, எத்தனை மூடு மரச்சீனி என்று எழுதுங்கள். உழுதுபோட்டதுபோலக் கிளறிய மண்ணையும் குளம்புத் தடத்தையும் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்துப் போட்டோ எடுத்து ஒட்டுங்கள். ஒரு பிரதி ரேஞ்சர் ஆபீசுக்கு, ஒன்று வி.ஏ.ஓ.வுக்கு, ஒன்று நீங்கள் வைத்துக்கொள்ள. மூன்றிலும் சீல் வேண்டும்.

அடுத்த வாரம் சோலார் வேலி.