நூல் விறைத்தால் நோய் தெரியும்

பெருந்துறையில் தபால் முகவரியிலேயே ‘சானடோரியம்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசநோயாளிகளைக் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்த காலத்தின் மிச்சம் அது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959-இல் காட்டியது. சிகிச்சை வீட்டுக்கு வந்துவிட்டது. பரிசோதனைதான் இன்னும் வரவில்லை.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், இரண்டு வாரம் இருமினாலும் பஞ்சுத் தூசி என்று விட்டுவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் சளி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். தறி நிற்கிற நாளுக்குக் கூலி கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட, ஒரு மில்லி சளியில் ஐந்தாயிரம், பத்தாயிரமாவது இருக்க வேண்டும். வளர்த்துப் பார்க்கலாமென்றால், இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். முடிவு வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சர்க்கரை பார்க்கும் பட்டையைப் போலவே காசநோய்க்கும் ஒன்று செய்ய முடியுமா என்று ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன. அதில் ஒரு வகை எனக்குத் தீராத வியப்பு. பட்டையில் கடுகளவு தங்கப் புள்ளி. அதன்மேல் கந்தகப் பிணைப்பால் நட்ட ஒற்றை டிஎன்ஏ இழைகள். ஒவ்வோர் இழையின் நுனியிலும் மெத்திலீன் நீலச் சாயம். இழை துவண்டு கிடக்கும்போது சாயம் தங்கத்தைத் தொட்டுத் தொட்டு எலக்ட்ரானைக் கைமாற்றும், மின்னோட்டம் ஓடும். கிருமியின் டிஎன்ஏ வந்து இணையாகச் சேர்ந்ததும் இழை விறைத்து நிமிரும். ஒற்றை நூலுக்கும் இரட்டை முறுக்கு நூலுக்கும் உள்ள வித்தியாசம் நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாயம் தங்கத்தை விட்டு விலக, மின்னோட்டம் சரியும். அந்தச் சரிவுதான் சேதி. 1882-இல் ராபர்ட் கோக் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டதும் இதே மெத்திலீன் நீலத்தை ஏற்றித்தான்!

சிக்கல் சளியில்தான் இருக்கிறது. கோழை பிசுபிசுக்கும், அதிலுள்ள புரதங்கள் தங்கத்தில் அப்பிக்கொண்டு பொய்ச் சேதி தரும். கிருமியின் தடித்த மெழுகுச் சுவரை உடைத்தால்தான் டிஎன்ஏ வெளியே வரும். இந்த முன்வேலையை ஆரம்ப சுகாதார நிலைய மேசையில் முடிக்க வழி காணாதவரை, பட்டை ஆய்வுக்கூடத்தைத் தாண்டாது.

இன்னொன்றும் உண்டு. உலகெங்கும் சோதனைகள் அதிகம் தேடுவது ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டை. பல நாட்டுக் கிருமிகளில் அது பத்துப் பன்னிரண்டு முறைகூட இருக்கும். சென்னை நோயாளிகளின் கிருமிகளை 1990-களில் ஆராய்ந்தபோது, பலவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது; சிலவற்றில் அதுவும் இல்லை. அந்தத் துண்டை மட்டும் நம்பி நட்ட இழை, அந்தச் சிலருக்கு ‘நோய் இல்லை’ என்று சொல்லிவிடும். காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் எக்ஸ்பெர்ட் அல்ட்ரா என்ற சோதனை ஐஎஸ்1081 என்ற வேறொரு துண்டையும் சேர்த்தே தேடுகிறது. எங்கே செய்த பட்டையானாலும், நம் ஊர்ச் சளியில் ஓட்டிப் பார்க்காமல் அதை நம்ப எனக்கு மனம் வராது.